விசிறி நான்கு

பிராண்டன் நகரில் ஜனவரி.
வெளியே மைனஸ் முப்பத்து நான்கு.
தானியக் கூட்டுறவு அலுவலகத்தின் கீழ்த்தளத்தில்
ஒரு சர்வருக்கு வியர்க்கிறது என்று
எனக்குத் தகவல் வந்தது.

நிலைப் பக்கத்தைத் திறந்தேன்.
மின்வழங்கி ஒன்று: நலம்.
மின்வழங்கி இரண்டு: நலம்.
நினைவகப் பலகைகள் நலம், நலம், நலம்,
நலமறிய ஆவல் என்று மட்டும் எழுதவில்லை.
ஏழாம் துளையில் 'இல்லை'.
இல்லாததற்கு ஒரு கேடும் வராது;
சாம்பல் நிறத்தில் சும்மா கிடந்தது.
விசிறி நான்கு மஞ்சள்.

நிகழ்வுப் பதிவு சொன்னது:
09:10 பின்புற வெப்பம் எல்லை தாண்டியது.
09:11 விசிறி நான்கு, நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்று.
09:36 இயல்புக்குத் திரும்பியது.
மறுநாளும் அதே.
அதற்கு மறுநாளும்.
ஞாயிறு மட்டும் ஒன்றுமில்லை.
வாரவிடுமுறை எடுக்கும் பழுதை
பதினெட்டு வருடத்தில் நான் பார்த்ததில்லை.

ஒன்பது பத்துக்குக் கணக்குப் பிரிவு வந்து உட்காரும்.
மேசைக்கடியில் க்ரெய்க் ஹீட்டர் வைத்திருந்தான்.
பிடுங்கி எடுத்துப் போனேன்.
இரண்டு வாரம் என்னைக் கண்டால்
காப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டான்.
விசிறியை மாற்றினேன்.
புது விசிறியும் ஒன்பது பத்துக்கு அலறியது.
மாமியார் வீட்டுப் பழக்கத்தை
ஒரே நாளில் கற்றுக்கொண்ட மருமகள்.

அப்புறம்தான் உறைத்தது.
அந்த எந்திரம் மானிட்டோபாவில் நின்றாலும்
அதன் கடிகாரம் கிரீன்விச்சில் குடியிருந்தது.
ஆறு மணி நேரத்தைக் கழித்தேன்.
க்ரெய்க் நிரபராதி.
அதிகாலை மூன்று பத்து.

அன்றிரவு கோட்டோடு
ரேக்குகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.
மூன்று ஆறுக்கு வாளியின் சக்கரம் கேட்டது.
மாரிவிக் டும்லாவோ.
புருவத்தில் பனி.
பின்வாசல் படியில் பனி வாருவது யார் வேலையும் இல்லை,
ஆனால் குப்பையோடு அதில் இறங்குவது அவள்.
நனைந்த கம்பளிக் கையுறை இரண்டையும் கழற்றி
வயர் தாங்கும் கம்பியில்,
சூடு வந்து விழும் இடமாகப் பார்த்து,
தோரணம்போல் மாட்டினாள்.
வெறுங்கையால் துடைப்பத்தை எடுத்தாள்.

கம்பளியிலிருந்து ஆவி கிளம்பியது.
என் மடியில் திரை மஞ்சளானது.
விசிறி நான்கு மூச்சிரைக்கத் தொடங்கியது.

என்னைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.
பிறகு, மன்னிப்பும் இல்லாமல் பயமும் இல்லாமல்,
"இந்தச் சூடு வீணாத்தானே போகுது" என்றாள்.
நானும் அந்த அறையை
எத்தனையோ அறிக்கைகளில் எழுதியிருக்கிறேன்.
இந்த வரியை எழுதியதில்லை.

மூலக் காரணம் என்ன என்று
படிவம் கேட்டது. காலியாக விட முடியாது.
வன்பொருள், மென்பொருள், மின்சாரம்,
சுற்றுச்சூழல், மனிதத் தவறு.
ஒப்பந்தப்படி அந்த அறையில்
அவளுக்குத் தரை மட்டும்தான் சொந்தம்.
சுற்றுச்சூழல் என்று அழுத்தினேன்.
பொய்யென்று சொல்பவர்கள்
கதவைத் திறந்து ஒரு நிமிடம் வெளியே நிற்கட்டும்.

கோட்டு மாட்டும் கம்பி ஒன்றை வளைத்து
எதிர்ச் சுவரில் கொக்கி போட்டேன்.
காற்று அங்கே போய்ச் சேரும்,
ஆனால் அடைபடாது.
கையுறை ஒன்றை அவளே மாற்றி மாட்டிப் பார்த்து,
"கொஞ்சம் மேலே" என்றாள்.
கொஞ்சம் மேலே வைத்தேன்.
விசிறி நான்கு: நலம்.

கடைசியாக, இரண்டு மாத மூன்று பத்துகளை
யாரும் தோண்டி எடுக்காதபடி
பதிவு முழுவதையும் அழித்தேன்.
வெற்றுப் பக்கம்.
கண்ணை மூடித் திறப்பதற்குள்
அதில் ஒரு வரி:

10:02 பதிவுகள் அழிக்கப்பட்டன.
பயனர்: தி. இளஞ்சேரன்.